முந்தானையில் அறுபத்தெட்டு வரிகள்

ஒரு லேப்டாப்பின் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி முதன்முதலாகப் பொத்தானை அழுத்திய நாளில், நான் சந்தேகித்தது என் கைக்கடிகாரத்தைத்தான். கழற்றுவதற்கு முன் அந்த இயந்திரம் எழுந்து வேலைக்குத் தயாராக மூன்று நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. பொருத்திய பிறகு பத்தொன்பது விநாடி. அணைத்துவிட்டு மறுபடி அளந்தேன். மறுபடியும் பத்தொன்பது. லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே சுழல்வது எதுவும் இல்லை என்று முன்பே படித்திருந்தேன். இருந்தாலும், அசைவே இல்லாத ஒன்று அத்தனை வேகமாக வேலை செய்வதைக் கண்ணெதிரே பார்த்தபோது, அடுத்த வேலையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். ஆரணியிலும் செய்யாறு, வெம்பாக்கம் பக்கமும் இதே தொழிலைச் செய்துவரும் நீங்கள் உங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது என்பதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. என்னைவிட நன்றாக நீங்கள் கழற்றுவீர்கள். நான் எழுதப்போவது, கழற்றுவதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

எனக்கு எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. மழை பெய்தால் எழுதுவேன், மின்சாரம் போனால் எழுதுவேன். கடையில் அதற்கென்று ஒரு நீள நோட்டு இருந்தது. வரும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு வரி. பாகத்தை மாற்றுவதற்கு முன் என்ன வேகம், மாற்றிய பின் என்ன வேகம் என்று இரண்டு கட்டங்கள். இந்த ஒப்பீட்டில் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஒரே மாடல் லேப்டாப் இரண்டு வந்தன. ஒன்றுக்கு ரேமை இரட்டிப்பாக்கினேன், எழும் நேரத்தில் சில விநாடிகள்தான் குறைந்தன. மற்றதில் ரேமைத் தொடாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினேன், அது புது இயந்திரமாகிவிட்டது. பிராசசர் பழசாகிவிட்டது என்று தூக்கிப்போட இருந்தவர்கள் பலருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறேன். இன்னொரு முறை, ஒரே எஸ்.எஸ்.டி. ஒரு லேப்டாப்பில் முழு வேகத்தில் ஓடியது, இன்னொன்றில் பாதி வேகத்தில் ஓடியது. இரண்டு நாள் குழம்பினேன். இரண்டாவதில் இணைப்பு பழைய தலைமுறை. வாசல் குறுகலாக இருந்தால் எவ்வளவு பெரிய ஊர்வலமும் ஒவ்வொருவராகத்தான் நுழையும்.

பழைய டிஸ்க் மெதுவானது என்பதால் அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். செத்த டிஸ்க் ஒன்றைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போன்ற தட்டு. லேப்டாப்பில் அது ஒரு விநாடிக்குத் தொண்ணூறு சுற்று சுற்றுகிறது. அதன்மேல் படிக்கும் முனை தொடாமல் மிதக்கிறது. தலைமுடி ஒன்றை ஆயிரக்கணக்கான கீற்றுகளாகப் பிளந்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் இரண்டுக்கும் இடைவெளி. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகிற ஒரு பொருளுக்குள் இது நடக்கிறது, வருடக்கணக்கில் நடக்கிறது. அது கெட்டுப்போவது எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு நாளாவது ஓடுகிறதே, அதுதான் ஆச்சரியம்.

தொற்றுக்காலம் முடிந்து கடைகள் வழக்கம்போல் திறந்த பிறகு வந்த இரண்டாவது ஆவணி. திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். எஸ்தர் என்ற பெண்மணி லேப்டாப்போடு வந்தார். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் கணினியில் புள்ளி புள்ளியாக வரைந்து தரும் கோப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தறிக்கு மேலே இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியில் செருகினால், எந்த இழை எழ வேண்டும் எது படுக்க வேண்டும் என்று அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். நெய்பவர் நெய்துகொண்டே போகலாம்.

"சார், இது எழுந்துக்கறதுக்குள்ள நான் சோறே வடிச்சிடறேன். புதுசு ஏதோ போட்டா ஜல்தியா ஓடும்னு சொல்றாங்களே, அத்த போட்டுக் குடுங்க."

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"எப்பவும் மெதுவுதான். நாலு நாளா ரொம்ப பேஜாரு பண்ணுது. டிசைன தொறந்தா அந்த வட்டம் சுத்திகினே கீது."

நாலு நாள் என்ற சொல் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வருடக்கணக்கில் மெதுவாக இருப்பது வயது. நாலு நாளில் மெதுவாவது நோய். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அன்று அடிமூடியைத் திறந்ததும் என் கண் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டுக்குப் போய்விட்டது. அந்த மாடல் டிஸ்க் என் நோட்டில் அதுவரை வரவே இல்லை.

எனவே முழுச் சோதனையை ஓடவிட்டேன். தட்டின் வெளி விளிம்பில் தொடங்கி நடுவரை அத்தனை இடத்தையும் படித்து, வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை. வெளி விளிம்பு ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவதால் அங்கே வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். ஒரு மலைச்சரிவு போலக் கோடு இறங்கும். அதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். எஸ்தருக்குக்கூட அதைக் காட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து மணி நாற்பத்திரண்டுக்கு அவர்தான் முதலில் தலையைத் திருப்பினார்.

"சார், உள்ள நாடா மாட்டிகின மாதிரி சத்தம் வருதே."

தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடா இழையில் சிக்கினால் வரும் சத்தத்தைச் சொன்னார். எனக்கு அப்போதுதான் கேட்டது. டிக். சற்று இடைவெளி. டிக். திரையில் சரிவாக இறங்கிவந்த கோடு கீழே தரையில் விழுந்து அங்கேயே கிடந்தது.

என் கை இரண்டு காரியங்களுக்குத் துடித்தது. ஒன்று, அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது. இன்னொன்று, சரிசெய்யவா என்று கணினி தானே கேட்கும்போது சரி என்று அழுத்துவது. இரண்டும் பழக்கத்தில் வருவது, இரண்டும் சாகக் கிடக்கும் டிஸ்க்கைச் சீக்கிரம் முடித்துவிடுவது. சுட்டிமேல் விரலும் வைத்துவிட்டேன். அதற்குள் எஸ்தர் பேசினார்.

"அதுலதான் சார் முந்தானை கீது. இன்னிக்கி குடுத்தாகணும்."

"எந்த முந்தானை?"

அந்தக் கேள்வியை நான் பத்து மணி ஐந்துக்கே கேட்டிருக்க வேண்டும்.

அவர் சொன்னது இது. முள்ளிப்பட்டில் வேலாயுதம் என்பவர் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடத்தில் அன்று காலை தறி நின்றிருக்கிறது. முந்தானை நெய்ய நாலு நாள் வேண்டும். சனிக்கிழமை பெண் வீட்டார் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கல்யாணப் பெண்ணின் அம்மா, தன் கல்யாணப் புடவையில் இருந்த அதே முந்தானை மகளுக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார். பழைய புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. எஸ்தர் அதை மேசைமேல் விரித்து, லென்ஸ் வைத்து, இழை எண்ணி நாற்பது நாள் வரைந்திருக்கிறார். வரைந்து முடிந்ததும் பெண் வீட்டார் அந்தக் கந்தலைப் பழைய ஜரிகை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார்கள். இந்நேரம் அது உருக்கப்பட்டிருக்கும்.

"இன்னொரு காப்பி எங்கே இருக்கு?"

"காப்பியா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டது போல இருந்தது. "காப்பி இருந்தா கை மாறிடும் சார். நாளைக்கே நாலு தறில அதே முந்தானை ஓடும். அதனால எங்க மொதலாளி தறிக்காரருக்கே ஒடம்பு தனியா, முந்தானை தனியாத்தான் குடுக்கச் சொல்வாரு. முந்தானை தொடங்கற அன்னிக்கித்தான் பென் டிரைவு போவும். போட்டோகூட எடுக்கக் கூடாது."

நம் தொழிலில் இரண்டாவது பிரதி என்பது பாதுகாப்பு. அவர்கள் தொழிலில் இரண்டாவது பிரதி என்பது திருட்டு. எட்டு வருட டிசைன்கள் அத்தனையும் அந்த ஒரே தட்டில் இருந்தன. அவர் நேர்மையாக வேலை செய்ததே அதற்குக் காரணம்.

சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். வேலூரில் டேட்டா மீட்கும் வேலை செய்யும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் மகனைவிட வயதில் சிறியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நடந்ததை நான் சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"இப்ப ஆன்ல இருக்குதா சார்?"

"ஆமாம்."

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பேசுங்க."

அணைத்தேன். அங்கே கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"கண்ணமங்கலம் ரோட்டுல பஸ்ல தூக்கிகினு வராதீங்க. அந்தக் குலுக்கல்ல வர்றதுக்குள்ளயே முடிஞ்சிடும். உங்ககிட்டயே டூல் கீதில்ல, நீங்களே பண்ணுங்க. ஒண்ணு மட்டும் சார். இன்னும் எத்தினி தடவ சுத்தும்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஒரே தடவதான்னு நெனச்சிகினு வேல செய்யுங்க. எது வேணும்னு அவங்கள கேட்டுட்டு ஆரம்பிங்க."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவரை இங்கே குறிப்பிடுகிறேன். எப்படி எடுப்பது என்பது எனக்கும் ஓரளவு தெரியும். யாரைக் கேட்க வேண்டும் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

எஸ்தரை உட்காரவைத்துச் சொன்னேன். "ரெண்டு வழி இருக்கும்மா. தட்டை முதல்லேருந்து கடைசி வரைக்கும் வரிசையா படிக்கலாம். போற வரைக்கும் போகும். எட்டு வருஷத்துல நிறைய வரலாம். ஆனா முந்தானை இருக்கிற இடத்துக்குப் போறதுக்குள்ள நின்னுட்டா, அது கிடையாது. இல்லேன்னா முந்தானையைத் தேடிப்போய் முதல்ல எடுக்கலாம். அப்படி முனையை இங்கேயும் அங்கேயும் ஓடவிட்டா சீக்கிரம் சாகும். மத்தது போகலாம்."

மேசைமேல் கிடந்த லேப்டாப்பை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடம் என்றால் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒரு பழைய டிசைனிலிருந்து ஒரு கொடியை எடுத்து, இன்னொன்றிலிருந்து ஒரு பூவை எடுத்துத்தான் அவர்கள் புதியதை உண்டாக்குவார்கள். அது அவருடைய கைமுதல். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"முந்தானைய எடுங்க சார். மத்ததெல்லாம் என்னுது. இது அவங்களுது."

பல பெரிய மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றி நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். கண்முன் பார்த்தது இந்த ஒன்றைத்தான்.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியோடு இணைத்து, மேசை விசிறியை அதற்கு நேரே திருப்பி வைத்து, பதினொன்றேகாலுக்குத் தொடங்கினேன். முதல் ஓட்டத்தில் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை மட்டும் வந்தது. நாலாவது நிமிடம் டிக் டிக் என்றது, அணைத்துவிட்டேன். இருபது நிமிடம் ஆறவிட்டேன். அதற்குள் முள்ளிப்பட்டிலிருந்து வேலாயுதமே வண்டியில் வந்துவிட்டார். ஐம்பதைக் கடந்தவர், வந்ததும் எஸ்தரிடம் ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, மூணு வாரமா நெய்யறேன், முந்தானை மூஞ்சிய இன்னும் காட்டமாட்டேன்ற. கல்யாணப் பொண்ணுகூட இவ்ளோ மறைக்கமாட்டா."

"பொட்டி படுத்துக்கிச்சிண்ணா."

வேலாயுதம் என்னைப் பார்த்தார். "பிரிட்ஜுல ஒரு மணி நேரம் வெச்சா எழுந்துக்கும்னு போன்ல ஒருத்தன் சொல்லிகினு இருந்தான் சார்."

"அவன் வீட்டு டிஸ்க்கை வைக்கச் சொல்லுங்க," என்றேன். எஸ்தர் அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது ஓட்டத்தில், பன்னிரண்டு மணி ஐந்துக்கு, முந்தானைக் கோப்பு வந்தது. அதன் அளவைப் பார்த்துவிட்டு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாற்பது நாள் உழைப்பு, ஒரு அம்மாவின் கல்யாணம், ஒரு தறியின் நாலு நாள், எல்லாம் அந்தத் துளிக்குள் இருந்தது. ஆனால் முழுதாக இல்லை. படிக்க முடியாத இடங்கள் இரண்டு என்று கருவி சொன்னது.

கோப்பைத் திறந்தோம். வேலாயுதம் முதன்முறையாக அந்த முந்தானையைப் பார்த்தார். மேலே கொடி, கீழே மாங்காய் வரிசை, நடுவில் எட்டு அன்னங்கள். அன்னங்களின் வயிற்றுக்குக் கீழே, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வெள்ளைப் பட்டை. எட்டுக்கும் கால் இல்லை.

எஸ்தர் எண்ணினார். அறுபத்தெட்டு வரிகள். நான் தனியாகக் கணக்குப் போட்டேன். ஒரு வரிக்குத் தொள்ளாயிரத்து அறுபது புள்ளிகள், மொத்தம் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். தட்டில் படிக்க முடியாமல் போன இரண்டு இடங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை, தூசிகூட அதைவிடப் பெரிது. அவை பட்டில் வந்து விழுந்தபோது இரண்டு விரல் அகலத்துக்கு, புடவையின் முழு அகலத்துக்கும் ஒரு ஓட்டை. தட்டையும் தறியையும் ஒன்றாக வைத்து நான் அதுவரை யோசித்ததில்லை. இரண்டிலும் வேலை ஒன்றுதான். எழு, படு. ஒன்று, பூஜ்யம்.

நம்மில் சிலருக்கு ஒரு ஆசை வரும். ஓட்டையைச் சாமர்த்தியமாக மூடி, முழுதாக வந்துவிட்டது என்று கொடுத்துவிடுவது. மேலே உள்ள வரிகளைக் கீழே நீட்டிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கத் தெரியாது. கல்வெட்டைப் படித்துப் பதிப்பிப்பவர்கள் எழுத்து சிதைந்த இடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். தங்களுக்கு என்ன என்று தோன்றினாலும் அங்கே எழுதமாட்டார்கள். நானும் ஓட்டையை ஓட்டையாகவே கொடுத்தேன். அதை அடைக்கும் உரிமை எனக்கு இல்லை.

யோசனை மட்டும் சொன்னேன். "ஒரு அன்னத்துக்குக் கால் வரைஞ்சு எட்டு முறை ஒட்டிடலாமே?"

"எட்டும் எட்டு நடை சார். பழைய புடவைல கையால இழை எடுத்து நெய்ஞ்சிருக்காங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு வரல. மூணாவது நொண்டும். ஏழாவது ஒரு கால தூக்கிகினு நிக்கும்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம்னு இல்ல. வயித்துல இழை எறங்கற சாய்வ பார்த்தா, கால் எங்க வரும்னு தெரியும்ல."

மூன்றாவது ஓட்டத்தில் மற்ற டிசைன்களை எடுக்க முயன்றேன். கடைசி ஒன்றரை வருடத்துடையது வந்தது. ஒன்றேகாலுக்குத் தட்டு சுழல்வதை நிறுத்திவிட்டது. பிறகு அது எழவே இல்லை.

"போயிடுச்சா?" என்றார் எஸ்தர்.

"போயிடுச்சும்மா."

நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வேற பொட்டி ஏதாவது குடுங்க. கால் வரையணும்," என்றார்.

கடையில் இருந்த இன்னொரு லேப்டாப்பில் அவருடைய டிசைன் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை என் மேசையிலேயே உட்கார்ந்து புள்ளி வைத்தார். வேலாயுதம் சாப்பாடு வாங்கிவந்து வைத்ததைத் தொடவில்லை. நான் வேறு வேலை செய்வதுபோல் எதிரே இருந்தேன். செய்யவில்லை. அவர் ஒரு வரியை வைப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், ஒரு புள்ளியை இடது பக்கம் நகர்த்துவார். அந்த ஒரு புள்ளியில் அன்னம் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொள்ளும். எந்தெந்தப் பாகம் எவ்வளவு வேகம் என்று வருடக்கணக்கில் அளந்தவன் நான். இதை அளக்க என்னிடம் எதுவும் இல்லை.

புதன்கிழமை முள்ளிப்பட்டுக்குப் போனேன். வேலாயுதம் தறியில் அன்னங்கள் வந்துவிட்டிருந்தன. "இந்த எடம் சார்," என்று அவர் தொட்டுக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். தட்டிலிருந்து வந்த வரி எங்கே முடிகிறது, எஸ்தர் வைத்த வரி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பெண்ணின் அம்மா வந்து, முந்தானையை மடியில் விரித்து, விரலை அன்னம் அன்னமாக நகர்த்திக்கொண்டே போய், மூன்றாவதில் நிறுத்தினாராம். "நொண்டுது பாரு," என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாராம். வேலாயுதம் தொலைபேசியில் சொன்னார்.

இதோடு முடித்திருந்தால் நான் நல்ல பெயரோடு தப்பித்திருப்பேன். எஸ்தரும் வேலாயுதமும் நான் டிஸ்க்கைக் காப்பாற்றியதாகவே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை முதலில் சாகடித்தது யார் என்று கேட்க யாருமில்லை. உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அளப்பதற்கு முன் நகல் எடுங்கள். அதைவிட முக்கியம், அளக்க ஆசைப்படுகிறவர் யார் என்று பாருங்கள். அந்தச் சோதனை எஸ்தருக்குத் தேவைப்படவில்லை. கழற்றப்போகும் டிஸ்க்கின் வேகம் அவருக்கு எதற்கு? எனக்குத்தான் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நாலு நாளாக நோயில் கிடந்ததை முழு ஓட்டம் ஓடவைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, புது எஸ்.எஸ்.டி. பொருத்திய லேப்டாப்பை வாங்க அவர் வந்தார். பொத்தானை அழுத்திக் காட்டினேன். பதினேழு விநாடி. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. சொன்னேன். முழுவதும் சொன்னேன். அப்படியே நகல் எடுத்திருந்தால் எட்டு வருடமும் வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

மலர்ந்த முகம் அடங்கியது. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். பையின் வாயைக் கட்டினார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கடை வாசலில் மறுபடி அவர். கையில் ஒரு காகித உறை. வாயை ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டிருந்தது. உள்ளே பென் டிரைவ் இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

"என்னம்மா இது?"

"முந்தானை. மத்ததுல தப்பிச்சி வந்ததும் இதுலதான் கீது. இன்னொரு காப்பி வேற எடத்துல இருக்கணும்னு எங்க மொதலாளிகிட்ட மூணு நாளா சண்டை போட்டேன். கடைசில சரின்னாரு. யாருகிட்ட குடுப்பன்னு கேட்டாரு. ஒங்க பேர சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவருதானே டிஸ்க்க ஒடச்சாருன்னாரு."

"நீங்க?"

"ஆமாம், அத்த அவரே சொன்னாரு, அதனாலதான்னேன்."

எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.